சுமையோடு அறுபது தப்படி

முன்னால் போய் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருக்கும் மாப்ள மாயாண்டிக்கு,

உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன மறு வருஷம் இது நடந்தது. ஊரெல்லாம் கொரோனா ஊசி போட்டு முடித்து, முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டிய வருஷம். ஓட்டு வீடு, மாடி வீடு பாராமல் எல்லா வாசலிலும் கொடி பறந்த வருஷம். சுதந்திரத்துக்கு எழுபத்தைந்து.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ராசாத்தி எழுதுகிறாள். அவள்தான் இப்போது மகளிர் குழுத் தலைவி, என் பேச்சைத் திருத்தித்தான் எழுதுவாள். தைப் பொங்கலுக்கு ஊருணிக் கரையில் கல் நடும்போது இதை வாசிக்கப் போகிறார்களாம். நீயும் கேள், அவர்களும் கேட்கட்டும்.

சுதந்திரத்துக்கு இருபத்தைந்து ஆனபோது நாம் வெட்டினோமே, அதே ஊருணிதான். ஊருக்குக் கரண்டு வந்த வருஷம். கம்பம் நட வந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நம்மை வேடிக்கை பார்த்தார்கள். என் தங்கச்சி பேச்சியை நீ கட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேலை முடிந்த அன்று பிரசிடெண்டு வெட்டிய பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு துண்டு போர்த்தினார். முதல் துண்டு உனக்கு. ஆழமாக வெட்டியவன் நான்தான் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

நீ இருக்கும்போதே அது கருவேலம் முளைத்து மேடாகிவிட்டது. எழுபத்தைந்துக்கு ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ராசாத்தியின் குழு அதில் இறங்கியது. பக்கத்து ஊர்க் குழு மரக்கன்று நட்டது, அது சுலபம். இவர்கள் டவுன் பஸ் ஏறிச் சிம்மக்கல் போய் மண்வெட்டியும் கூடையும் வாங்கி வந்தார்கள். பெண்களே வெட்டினார்கள், பெண்களே சுமந்தார்கள். மதுரையிலிருந்து அதிகாரி வந்தார். தும்பி மாதிரி ஒன்று மேலே பறந்து படம் எடுத்தது. வேலை செய்த அத்தனை பேர் பெயரையும் கல்லில் வெட்டப் போவதாகச் சொன்னார்கள்.

நமக்கு ஒரு துண்டு. அதுவும் இரண்டு வெளுப்பில் சாயம் போனது. எனக்கு வயிறு எரிந்தது மாப்ள. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இன்னும் ஒன்று இருக்கிறது. கண்மாயிலிருந்து தண்ணீர் வர, கல் பாவி மேலே பலகைக் கல் மூடி ஒரு வரத்துக்கால் போட்டோமே. அதன் வாய் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. ராசாத்தி என்னிடம் வந்து, "மாமா, தண்ணி எங்கிட்டு வந்து விழுந்துச்சு? நெனப்பிருக்கா?" என்று கேட்டாள்.

"இம்புட்டு வருசத்துக்கு அப்பறம் யாருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

எனக்கா தெரியாது? உன் கல்யாணப் பந்தியில் எவன் எத்தனை அப்பளம் கேட்டான் என்பதுவரை சொல்வேனே. இந்த இடத்தில் ராசாத்தி பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "எழுது தாயி" என்றேன். எழுதிவிட்டு எழுந்து போய் டீ போட்டுக் கொண்டு வந்தாள். சர்க்கரை இல்லை. நான் கேட்கவும் இல்லை.

ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிறைந்தது. ஊருணியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். டீக்கடையில் ஒருத்தன், "என்னண்ணே, பொம்பளைக வெட்டுன ஊருணி தாகமாக் கெடக்கு போல" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு டீ ருசியாக இருந்தது. எப்போது மாப்ள நான் இப்படி ஆனேன்?

மறுநாள் காலையில் பேச்சி கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். நீ போனதிலிருந்து வாசல் தாண்டாதவள். வரத்துக்கால் விஷயம் ஆண்களுக்குத்தான் தெரியும் என்று அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. காளி கோயில் படியில் கம்பை வைத்து, "இங்கனருந்து கெழக்காம அறுவது தப்படி" என்றாள்.

ராசாத்தி எண்ணிக்கொண்டே நடந்தாள். அங்கே தோண்டினார்கள், ஒன்றுமில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கைய வீசிக்கிட்டு நடந்தா தப்படி நீளாதாடி? கூடை நெறய மண்ண அள்ளித் தலையில வச்சுக்கிட்டு நட" என்றாள் பேச்சி.

சுமையோடு நடந்தாள். கழுத்து விறைத்தது, கால் தானாகக் குறுகியது. அறுபதாவது தப்படி முதலில் தோண்டிய குழிக்கு வெகுமுன்னாலேயே விழுந்தது. அங்கே மண்வெட்டி இறங்கியதும் கல்லில் பட்ட சத்தம் கேட்டது. சாயங்காலத்துக்குள் அடைப்பை எடுத்துவிட்டார்கள். கண்மாய்த் தண்ணீர் கலங்கலாக வந்து விழுந்தது. பெண்கள் போட்ட குலவை உனக்குக் கேட்டதா?

அந்தச் சந்தோஷத்தில் ராசாத்தி, "பழைய ஆளுக பேரும் கல்லுல போடுவோம். சொல்லுங்க மாமா" என்றாள். பத்துப் பெயரையும் ஒரே மூச்சில் சொன்னேன். "இதுல உசுரோட இருக்கிறது நான் ஒருத்தன்தான்" என்றும் சொன்னேன்.

பேச்சி கரையில் உட்கார்ந்திருந்தாள். "வெட்டுன மண்ணு தானா நடந்து கரைக்கு வந்துச்சாண்ணே?" என்று கேட்டாள். "ஒம் மண்ணச் சொமந்தது நம்ம ஆத்தா. அதுகூடவா நெனப்புல இல்ல?"

ஒரு மண்வெட்டிக்கு ஒரு கூடை என்பது நம் ஊர் வழக்கம். ஆனாலும் ஐம்பது வருஷமாகப் பத்துப் பேர் என்றே சொல்லி வந்திருக்கிறேன். சாகும்வரை நீயும் அப்படித்தான் சொன்னாய். உன் மண்ணைச் சுமந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கூடை சுமந்த பத்துப் பெயரையும் அவள் அன்று சொன்னாள். எங்கள் ஆத்தா பெயரை முதலில் சொன்னாள். தன் பெயரைக் கடைசியில் சொன்னாள். ஞாபகத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்தேன். இப்போது என் பொறாமையெல்லாம் அவள் மேல்தான்.

பழைய ஆட்கள் இருபது பேர் பெயரும் கல்லில் ஏறிவிட்டன. உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாப்ள. அந்த ஊருணி வெட்டியவர்களில் யார் மிச்சம் என்று இனி எவன் வந்து கேட்டாலும் நான் முந்திக்கொள்ள மாட்டேன். அவள் வீட்டு வாசலைக் காட்டிவிடுவேன்.

உன் மச்சான் ஒச்சப்பன், வெட்டியவர்களில் மிச்சம்.
சுமந்தவர்களில் மிச்சம், உன் பேச்சியம்மாள்.