நடுவட்டத்து மண்

பைசாண்டு,
பிப்ரவரி.

தம்பி வில்மாருக்கு அண்ணன் எபெர் எழுதுவது.

அங்கே இப்போது பனிக்காலமாம்; முழங்காலைப் பார்த்துக்கொள்ளும்படி அம்மா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன் புது கால்பந்து கிளப்பின் சட்டை வந்தது. அசுன்சியோன், குவாயாகில், புவெப்லா, கிரீஸ், இப்போது கொரியா. அம்மா எல்லாவற்றையும் அப்பாவின் அலமாரியில் மடித்து வைக்கிறாள். அப்பாவின் சாவுக்கு நீ அனுப்பிய மலர்வளையம்கூடப் பெரிதாகத்தான் இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்தவன் நான். அவர்களுக்கு நான் இன்னமும், உன் சட்டை எண்ணை வைத்து, ‘அஞ்சாம் நம்பரோட அண்ணன்’தான்.

அப்பாவின் அஸ்தியை நம் கிளப் மைதானத்தில், நடுவட்டத்தில் போட்டோம். நீ நின்று ஆடிய இடம்தான் வேண்டும் என்று அவரே கேட்டிருந்தார். “தூவணும் நெலிதாம்மா, கொட்டிடாதீங்க, புல்லு செத்துரும்!” என்று மைதானக்காரர் மெலோ அம்மாவிடம் கத்தக் கத்த, அவள் அஸ்திப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டாள். “ஒருத்தன் ஒலகம் பூரா செதறிக் கெடக்குறது போதும். இவராவது ஒரே எடத்துல இருக்கட்டும்” என்றாள்.

புல் செத்தது. அந்த வழுக்கையில் உருண்டு வரும் பந்து அப்படியே நின்றுவிடுகிறது. “கெழவர் பந்தப் புடிச்சு வெச்சுக்கிறாருப்பா, மகன் வந்தாத்தான் விடுவாரு” என்று கேன்டீனில் மாத்தே டீ உறிஞ்சியபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது யாரும் சிரிப்பதில்லை. ஆட்டக்காரர்கள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். நடுவில் ஆளில்லாமல் கிளப் தோற்கிறது.

அதனால் அந்த மண்ணைத் தோண்டி ஆற்றோரப் பள்ளத்தில் கொட்டிவிட்டு, புதுப் புல் பதிக்கப்போகிறார்கள். அம்மா கமிட்டிக்கே போய், “வில்மாரு வந்து ஒரு தடவ அங்க நிக்கட்டும். அப்புறம் என்ன வேணா பண்ணிக்குங்கடா” என்று சொல்லிவிட்டு வந்தாள். கார்னிவல் திருவிழா முடியும்வரை பொறுக்கிறார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மைதானம் காலியாக இருந்தபோது போனேன். மெலோவிடம் பந்தை வாங்கி உருட்டினேன். வழக்கமான இடத்தில் நின்றது. பக்கத்தில் போய் நின்று, “அப்பா, எபெர் வந்திருக்கேன்” என்றேன். காற்றுகூட இல்லை. ஆனால் யாரோ என் தோளுக்குப் பின்னால், வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. “வாத்தியாரே, வந்துருங்க. அவரு உங்களத் தேடல” என்றார் மெலோ. குத்திக்காட்ட அல்ல, மனுஷர் அன்பாகத்தான் சொன்னார்.

கார்னிவலுக்குள் வந்துவிடு. அம்மாவுக்காக என்று எழுதினால் பாதிதான் உண்மை. அப்பா உன்னை ஒருமுறை பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு பார்க்க அவருக்கு நான் மட்டும்தான் மிச்சம்.

உன் கால்களுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

எபெர்