வால்யூம் திருகின் மேல் நீ வைத்த சிவப்புப் பொட்டு

இன்று காலை வல்லத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ஆம்ப்ளிபயரை இறக்கி வைத்துத் துணியால் துடைத்தேன். வால்யூம் திருகுக்கு மேலே நீ வைத்த சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு, ஓரம் கொஞ்சம் உரிந்துபோய், அப்படியே இருக்கிறது. பாட்டைப் போட்டு அதுவரை ஏற்றிவிட்டு நிறுத்தினேன். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து, "இன்னாண்ணே, சவுண்டு பத்தலயே. கேட்டு வரைக்கும் கேக்க வாணாமா?" என்றார். "இதுக்கு மேல போவாதுங்க" என்றேன். மிஷின் போகும், நான்தான் போக மாட்டேன். அவரிடம் அதையெல்லாம் எங்கே உட்கார்ந்து சொல்வது? உன்னிடம் சொல்கிறேன்.

மைக் செட்காரனுக்கு ஒற்றைத் தலைவலிக்காரியைப் பார்த்துக் கட்டிவைத்தார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும். நம் வீட்டுச் சோறே சத்தத்தில்தான் வந்தது. ஆடி பிறந்தால் செஞ்சியில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். என் குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் மரமேறிவிடும். அந்தச் சத்தம் ராஜகிரிக் கோட்டைப் பாறையில் மோதித் திரும்பி வரும், உனக்கு மட்டும் இரண்டு தடவை வலிக்கும். உள்ளறை ஜன்னலில் போர்வையை மாட்டிவிட்டு, நெற்றியில் ஈரத்துணியோடு கிடப்பாய். வாந்தி எடுத்துவிட்டு எழுந்து வந்து எனக்குச் சோறும் போடுவாய்.

நான் வாசலில் டெஸ்டிங் பண்ணும்போது, கதவோரம் நின்று உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து அமுக்கிக் காட்டுவாய். சத்தத்தைக் குறை என்று அர்த்தம். தெருவுக்கே தெரியும் அந்தச் சைகை. அதுவும் அலுத்துப்போய் ஒருநாள் மகளுடைய நெயில் பாலிஷைக் கொண்டுவந்து இந்தப் பொட்டை வைத்தாய். "இது வரைக்கும் நான் தாங்குவேன். இதுக்கு மேல நீங்களே தாங்கிக்கங்க" என்றாய்.

என் அக்காதான் சும்மா இருக்க மாட்டாள். "வேலன்னு வந்தா மட்டும் இவளுக்குத் தலவலி வந்துடுது" என்பாள். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்று, சம்பந்தி வீட்டார் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, "பொண்ணோட அம்மா மேடயில நிப்பாளா, இல்ல ரூமுக்குள்ள போயி படுத்துக்குவாளா?" என்று கேட்டுவிட்டாள். உன் முகம் சுண்டிப்போனது. "நிப்பேன்" என்றாய், அவ்வளவுதான். மகள் உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "மேளம், மைக் எதுவும் வாணாம் நைனா. கோயில்ல வெச்சு முடிச்சிடலாம்" என்றாள். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "மைக் செட்டுக்காரர் பொண்ணு ஊமைக் கல்யாணமா பண்ணிக்கப் போற? எல்லாம் இருக்கும். நானும் இருப்பேன்."

எப்படி இருக்கப்போகிறாய் என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ மாத்திரை வாங்கப் போகும் பாண்டி ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். தலையில் ஒயர்களை ஒட்டி, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறி வரும் திரையைப் பார்க்கச் சொன்னார்கள். காதில் டிக் டிக்கென்று சத்தம் விட்டார்கள். மூளை என்ன செய்கிறது என்று கம்ப்யூட்டரில் கோடு ஓடியது. "ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தா மத்தவங்க மூளை பழகிக்கும், அப்புறம் கண்டுக்காது" என்றார் டாக்டர். "ஒத்தத் தலவலி இருக்கற பல பேருக்கு அப்படிப் பழகறதில்ல. நூறாவது சத்தமும் மொத சத்தம் மாதிரியே உள்ள போவுது. தலவலி இல்லாத நாள்லயும் அப்படித்தான்."

நீ அங்கேயே அழுதுவிட்டாய். "நான் நடிக்கலன்னு மிஷின்ல தெரியுதுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

வலியைக் குறைக்க முடியுமா என்று பார்க்க, உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை உன் தலையில் வைத்துப் பட்டையால் கட்டி, ஒரு சின்னப் பெட்டியிலிருந்து கரண்ட் விட்டார்கள். என் தொழில் புத்தி விடுமா? "எத்தன வோல்ட்டு மேடம்?" என்று எழுந்துவிட்டேன். "டார்ச் லைட்டுல போற கரண்ட்டவிட ரொம்பக் கம்மி, உக்காருங்க" என்றார். பாதிப் பேருக்கு நிஜக் கரண்ட். மீதிப் பேருக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் குறுகுறுத்துவிட்டு நின்றுவிடும். யாருக்கு எது என்று உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது, கட்டிவிடுபவருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் வலி எப்படி, வெளிச்சம் எப்படி, சத்தம் எப்படி என்று கேட்பார்கள்.

கல்யாணம் நெருங்க நெருங்க எனக்குப் பதற்றம். பஸ்ஸில் உன்னிடம், "கொஞ்சம் பரவால்லன்னு சொல்லேன். அப்பதான் நல்லா கவனிப்பாங்க" என்றேன். ஜன்னல் வெயிலுக்கு முந்தானையைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தவள் அதை விலக்கி என்னைப் பார்த்தாய். "இத்தினி வருசம் ஊரே என் தலவலியப் பொய்யின்னுச்சு. இப்ப நானே பொய் சொன்னா, அப்புறம் நெஜத்த யாருங்க சொல்றது?"

கடைசி நாள்வரை, "ஒண்ணும் கொறையல மேடம்" என்றே சொன்னாய். ஆராய்ச்சி முடிந்து, யாருக்கு எது என்ற பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், உனக்கு வந்தது வெறும் பஞ்சு. "அப்ப இத்தன நாள் பஸ் ஏறினதெல்லாம் வீணா?" என்று நான் குதித்தேன். நீ சிரித்தாய். டாக்டரம்மா எழுந்து வந்து உன் தோளில் கைவைத்து, "வெறும் பஞ்சுலயே கொறஞ்ச மாதிரி நெறைய பேருக்குத் தோணும், அதுல தப்பில்ல. ஆனா கல்யாண அவசரம் இருந்தும் உள்ளத உள்ளபடி சொன்னீங்க பாருங்க, அதுதான் எங்களுக்கு வேணும்" என்றார். திரும்பி வரும்போது கண்டக்டரிலிருந்து பக்கத்து சீட்டுக்காரர்வரை எல்லோரிடமும் நான் அதைச் சொன்னேன். நீ என் தொடையில் கிள்ளிக்கொண்டே வந்தாய்.

அதற்குப் பிறகு நிஜக் கரண்ட்டும் வைத்தார்கள். மாயமெல்லாம் நடக்கவில்லை. வலி வருவது குறைந்தது, வந்தாலும் சீக்கிரம் விட்டது. "வெயிலு இன்னும் குத்துது. சத்தம் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னு கேக்குது" என்றாய். எனக்கு அது போதுமென்றிருந்தது.

முகூர்த்தத்தன்று பட்டுப்புடவையில், வீடியோ லைட்டுக்கு நடுவில், மகள் பக்கத்தில் நின்றாய். நான் ஆம்ப்ளிபயர் அருகே. திருகு பொட்டில், என் கண் உன் கையில். எப்போது உள்ளங்கை கீழே அமுங்கும், எப்போது குறைக்கலாம் என்று விரலைத் திருகிலேயே வைத்திருந்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். உன் கை எழுந்தது. நான் குறைக்கப் போனேன்.

உள்ளங்கை கீழே வரவில்லை. ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாய். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றாய். உனக்கு அவ்வளவு குரல் உண்டென்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். தவில் பிளந்துகொண்டு கிளம்பியது. நீ நேராக என்னைப் பார்த்து அதே விரலை இன்னொரு தடவை மேலே காட்டினாய். ஏற்றச் சொல்கிறாய். பொட்டைத் தாண்டி ஏற்றினேன். அக்கா அட்சதையைப் போடவும் மறந்து உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் உள்ளறையில் போர்வை மாட்டிப் படுத்திருந்தாய். "வந்துடுச்சா?" என்றேன். "வந்துச்சு. வரட்டும். அதுக்கு முன்னாடி நான் போய்ட்டு வந்துட்டேன்ல" என்றாய்.

அவ்வளவு படுத்திய தலை உன்னை விட்டுவைத்தது. ஒருநாளும் சத்தம் காட்டாத நெஞ்சுதான் போன மாசியில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அக்கா இப்போது போகிற வருகிறவர்களிடமெல்லாம், "என் தம்பி பொண்டாட்டி பாண்டியில ஆராய்ச்சிக்கே ஒத்தாச பண்ணவ" என்கிறாள். நான் மறுப்பதில்லை. எனக்கும் அதே பெருமைதான், சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று அவளைச் சொல்ல விடுகிறேன்.

வல்லத்திலும் முகூர்த்தம் வந்தது. கூட்டத்தில் யாரோ விரலை ஆட்டினார்கள். நான் பொட்டைத் தாண்டினேன். கேட்டுப் பக்கம் நின்ற சித்தப்பாவுக்குப் பரம சந்தோஷம். மூன்று முடிச்சும் விழும்வரைதான். அப்புறம் பொட்டுக்கே இறக்கிவிட்டேன். அத்தனை பேரில் எவளாவது ஒருத்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பாள்.