ஒன்பதாவது ராக்கெட்டின் நெருப்புத் துணி

ஜனவரி 8, வியாழன்

பனி. எதிர்வீட்டு வேப்பமரமே தெரியவில்லை. ரயில் இருபது நிமிடம் லேட். ரயில் சிநேகிதன் பெருமாள் வழக்கம்போல் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான். பங்காருப்பேட்டை தாண்டியதும் சீட்டுக்கட்டு. நான் ஆடவில்லை, தூங்கினேன். பெங்களூர் கம்பெனியில் இன்று முழுவதும் வெல்டிங் ஏப்ரன் கட்டிங். தோள்பட்டை கழன்று போயிற்று.

வாங்க வேண்டியது: முட்டை, முழங்கால் தைலம், பாத்ரூம் பல்பு, டால்கம் பவுடர்.

பவுடர் எனக்கில்லை. ராக்கெட்டுக்கு. திரும்பி வரும்போது ரயிலில் ரூத் போன். மச்சினி. எஸ்தருக்கு ஒரே தங்கை.

"மாமா, ஞாயித்துக்கெழம அக்கா பொறந்த நாளு. ஞாபகம் கீதா?"

"கீது."

"அந்த ஒம்பதாவது ராக்கெட்ட வுட்டுடலாம் மாமா. எத்தினி நாளு பீரோ மேல வெச்சிக்கினு பாத்துக்கினே இருப்பீங்க?"

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எஸ்தர் போன பத்து மாதமாக அதைத் தொடவில்லை. தூசி தட்டினதோடு சரி.

தைலம் வாங்க மறந்தேன். எதற்கென்று சொல்லாமல் ரூத் கேட்ட பவுடர் வாங்கியாயிற்று.

ஜனவரி 9, வெள்ளி

பல்பு மாட்டினேன். தண்ணீர் வரவில்லை.

ரூத் சாயங்காலம் வந்தாள். பீரோ மேலிருந்து இறக்கிவைத்துப் பார்த்தோம். முழங்கை நீளம், சிவப்பு பெயின்ட், துடுப்பு மூன்று. பக்கத்தில் எஸ்தர் கையெழுத்தில் 9. மற்றவன் பெண்டாட்டி எல்லாம் நகை கேட்டாள், என் பெண்டாட்டி அட்டைக் குழாய் கேட்டாள். ஸ்கூலில் சயன்ஸ் டீச்சர், வீட்டிலும் சயன்ஸ் டீச்சர்.

எத்தனை தடவை எனக்குச் சொல்லியிருப்பாள். மேலே போய் நின்றதும், மருந்து அடைத்த மோட்டார் இன்னொரு முறை உள்பக்கமாக வெடிக்கும். அந்த வேகத்தில் மூக்கு கழன்று பாராசூட் வெளியே வரும். அந்தச் சூட்டில் பாராசூட் உருகாமலிருக்க நடுவில் ஒரு தீப்பிடிக்காத துணி. அவள் வைத்த பெயர் நெருப்புத் துணி. ராக்கெட்டில் என் பங்கு அது ஒன்றுதான். கம்பெனியில் ஏப்ரன் வெட்டி மிச்சமாகும் துண்டு, கைக்குட்டை அளவு.

எட்டாவது ராக்கெட்டில் பழைய துண்டு கருகி ஓட்டை. பாராசூட்டும் போச்சு. "ஏங்க, ஒரே ஒரு துண்டு எடுத்துக்கினு வாங்க" என்றாள். நாளைக்கு என்றேன். மூன்று வாரம் நாளைக்கு. கடைசியில் ஒரு திங்கட்கிழமை எடுத்தே விட்டேன், பையின் ஜிப்பில் போட்டேன், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஸ்கூல் படிக்கட்டில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேரும்போது முடிந்திருந்தது. அந்தப் பை என் தோளில்தான் இருந்தது. துணி பையில்.

இன்னும் பையில்தான் இருக்கிறது. தினமும் என்னோடு பெங்களூர் போய் வருகிறது.

அவள் அந்தத் துணிக்காகக் காத்துக்கொண்டே போய்விட்டாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. ரூத்திடமும்.

அவள் விழுந்த செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு நினைவுக்கு வருகிறது. காலை ஆறு மணி இருக்கும். காலைப் பிடித்து ஆட்டினாள். கறிக்கடைக்கு அனுப்பப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். "வாரத்துல ஒரு நாள்தான் லீவு, மனுஷனத் தூங்க வுடேன்" என்று கத்தினேன். "சரி, தூங்குங்க." போர்வையை இழுத்துவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

ரூத்தோடு சண்டை. பத்து மாதம் மடிந்து கிடந்த பாராசூட் ஒட்டிக்கொள்ளும், திறக்காது, பிரித்துப் பவுடர் போட்டு மறுபடி மடிக்க வேண்டும் என்கிறாள். நான் முடியாது என்றேன்.

"இன்னா மாமா கொழந்த மாதிரி? திறக்கலன்னா மண்ணுல குத்திக்கினு சுக்குநூறாப் பூடும்."

"அது அவ மடிச்சது."

அவள் ராக்கெட்டைத் திரும்பப் பீரோ மேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.  டீ ஆறிப்போய் ஆடை படிந்தது.

ஜனவரி 10, சனி

கம்பெனிக்கு லீவு போட்டேன். வெயில் நன்றாக இருந்தது. மண்ணில் குத்திச் சுக்குநூறாவதைவிடப் பிரிப்பதே மேல் என்று ராத்திரியே முடிவு செய்திருந்தேன். பத்து மணிக்கு ரூத் வந்தாள். பாயை விரித்து உட்கார்ந்தோம். மூக்கைக் கழற்றினேன்.  

பாராசூட்டை உருவினேன். ஓட்டைக் குடையில் வெட்டித் தைத்தது, கறுப்பு. இதோ வந்துவிட்டது. இந்த மடிப்பு போனால் போயிற்று. இனி யார் இப்படி மடிப்பார்கள்?

அடியில் இன்னொன்று இருந்தது. நீலத் துணி.

முதலில் புரியவில்லை. எடுத்துப் பிரித்தேன். மொடமொடவென்று, கஞ்சி போட்டது போல. என் பழைய யூனிபாரம் சட்டை. பாக்கெட் தையல் பிரித்த தடம் அப்படியே இருக்கிறது. அந்தச் சட்டையைக் காணோம் என்று அவளிடம் எப்படிக் கத்தியிருக்கிறேன்!

ரூத் முகர்ந்து பார்த்தாள். நாக்கில் வைக்கப் போனாள், தடுத்தேன்.

"வெங்காரம் மாமா. தண்ணியில கரச்சி துணிய ஊற வெச்சா சீக்கிரத்துல பத்திக்காது. அக்கா கிளாஸ்ல செஞ்சி காட்டிக்கினு இருக்கும்."

ஆக, அவள் என் துணிக்காகக் காத்திருக்கவில்லை. என்னை நம்பிப் பிரயோஜனமில்லை என்று தானே செய்துகொண்டுவிட்டாள். பத்து மாதம் நான் சுமந்த பாரம் சும்மா. சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா எஸ்தர்?

பையிலிருந்து என் துணித் துண்டை எடுத்துக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். ரூத் விஷயத்தை அப்போதுதான் புரிந்துகொண்டாள். கொஞ்சம் அழுதாள். பிறகு, "இதையே வெச்சிடலாம் மாமா, இதுதான் சேஃப்" என்றாள்.

வேண்டாம் என்றேன். அவளுடையதுதான் போகும். அது தாங்குமா என்று எனக்குத் தெரிய வேண்டும். தாங்கினால், அவள் ராக்கெட்டை விடாமல் போனதற்குக் காரணம் என் மறதி இல்லை.

பாராசூட்டைப் பிரித்தோம். ஒட்டித்தான் இருந்தது. பவுடர் போட்டு, நூல் சிக்காமல் ரூத் சொல்லச் சொல்ல நான் மடித்தேன். நாலு தடவை தப்பு. மோட்டார் கடைசி ஒன்றுதான் பாக்கி.

ஜனவரி 11, ஞாயிறு

அலாரம் வைக்கவில்லை. ஐந்தரைக்கே விழிப்பு.

சாம்பியன் ரீப்ஸ், மூடிப்போன தங்கச் சுரங்கம். தங்கம் எடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குக் கீழே வெட்டவெளி. குளிர், காற்று கொஞ்சம். வேலிக்கு அந்தப் பக்கம் மூடின சுரங்கக் குழி, ஷாஃப்ட். ராக்கெட் அங்கே போய் விழுந்தால் அவ்வளவுதான். வாட்ச்மேன் வந்து, "என்ன சார் இது? பட்டாசா?" என்றார். ரூத் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். நின்று வேடிக்கை பார்த்தார்.

பேட்டரி ஒயரில் மாட்டின பட்டனை ரூத் என்னிடம் நீட்டினாள். நீயே அழுத்து என்றேன். "அதெல்லாம் ஆவாது, நீங்கதான்." மூணு, ரெண்டு, ஒண்ணு என்று எண்ணினாள். எஸ்தர் குரல் அப்படியே.

சீறிக்கொண்டு போயிற்று. இவ்வளவு உயரம் போகும் என்று எனக்குத் தெரியாது. எட்டு விட்டாளே, எட்டும் ஞாயிறு காலையில், ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அப்புறம் சத்தமே இல்லை.  பட் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, குடை விரிந்தது.

ரூத் கத்தினாள். வாட்ச்மேனும் கத்தினார். காற்று வேலிப் பக்கம் தள்ளியது. வலிக்கிற முழங்காலோடு ஓடினேன். வேலிக்குப் பத்தடி இந்தப் பக்கம், முள்ளுச் செடியில் மாட்டிக்கொண்டது. முள்ளிலிருந்து நூல் நூலாக எடுத்தேன்.

குடைத் துணியில் ஒரு பொட்டுக் கருகல் இல்லை. நீலச் சட்டை ஓரத்தில் பழுப்பு, அவ்வளவுதான். ஓட்டை இல்லை.

தாங்கியது! என் துணி தேவையே இருக்கவில்லை. வரும் வழியில் ஆண்டர்சன்பேட்டையில் இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன். ரூத் சிரித்தாள். பத்து மாதத்தில் இன்றைக்குத்தான் வாயில் ருசி தெரிந்தது.

அதே நாள், மாலை 4

ரூத் கிளம்பும்போது எஸ்தரின் நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு ராக்கெட்டும் விட்ட அன்றே அக்கா எழுதிவிடும், நீங்களும் எழுதுங்க என்று. காற்று, மோட்டார், பாராசூட் நிலைமை. இதுவரை அந்த நோட்டைத் திறக்கத் தைரியம் வந்ததில்லை. இன்று வந்தது.

எட்டாவது பக்கம்: துணி கருகியது. அடுத்த பக்கம் 9. காலியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு பட்டியல், மார்ச் மாதத் தேதி, நான் கத்தின அந்த ஞாயிறு.

1. மோட்டார். டிக்.
2. பேட்டரி, ஒயர். டிக்.
3. துணி (இவர் சட்டை, வெங்காரம், ரெண்டு தடவை காய வைத்தது). டிக்.
4. குடை மடிப்பு. டிக்.
5. காலை 6, இவரை எழுப்ப வேண்டும். டிக்.
6. பட்டனை இவர்தான் அழுத்த வேண்டும்.

ஆறாவதுக்கு எதிரே ஒன்றும் இல்லை.

பேனாவை எடுத்தேன். டிக் போடக் கை வரவில்லை.