தட்டில் ஏறாத கிருமி

பாய்,

போன ஞாயிறு உங்கள் மகளுக்கு நிக்காஹ் முடிந்தது. மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நெய்ச்சோறும் தால்ச்சாவும் மணத்தன. உள்ளே சகன் என்கிற பெரிய தட்டுகளைச் சுற்றி நான்கு நான்கு பேராக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தட்டுக்கு மட்டும் ஒரு ஆள் குறைந்தது. பரிமாறுகிறவர், "ஒருத்தர் வரணுமா சார்?" என்று கேட்டார். வரமாட்டார் என்று சொன்னேன்.

உங்களுக்கு வந்த நோய்க்கு மரக்காணத்தில் சரியான பெயர் கிடையாது. காசநோய் என்று சுவரில் எழுதியிருக்கும். வாயால் யாரும் சொல்வதில்லை. வளைகுடாவில் ஒப்பந்தம் முடிந்து வந்து, என் கடைக்குப் பக்கத்தில் ரீசார்ஜ் கடை போட்டிருந்த நீங்கள் புது விசாவுக்காக மெடிக்கல் போனீர்கள். எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் தெரிந்தது. டாக்டர் வாயைத் திறப்பதற்குள் டிராவல்ஸ்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: அன்ஃபிட். அதன்பிறகு என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள், பக்கத்துக் கடை பாய்க்கு என்ன என்று கேட்டுவிட்டு, அவர்களே "அன்ஃபிட்டாமே" என்று பதிலும் சொல்லிக்கொண்டார்கள். நுரையீரலுக்கு வந்த நோயை விசாவுக்கு வந்ததாக வைத்துக்கொண்டால் யாருக்கும் சங்கடமில்லை.

வளைகுடாவில் சன்னலே திறக்காத ஏசி அறையில், அடுக்குக் கட்டிலில் உங்களுக்குக் கீழே படுத்தவர் வெகுநாளாக இருமிக்கொண்டிருந்ததைப் பிற்பாடு நினைவுபடுத்திச் சொன்னீர்கள். அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டதுதான் தப்பு என்று முடிவும் கட்டினீர்கள்.

வீட்டிலும் அதே முடிவுதான். உங்கள் டம்ளருக்கு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. தட்டு தனி, அதைக் கழுவுகிற சோப்பும் தனி. இருமுகிறவருக்குப் பனிக்காற்று ஆகாது என்று சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, குடும்பமே உங்களைச் சுற்றி உட்கார்ந்து சீரியல் பார்த்தது. அந்தப் பாக்டீரியாவுக்கு டம்ளரில் எந்த வேலையும் இல்லை. இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கிற நுண்துளிகளில் ஏறிக்கொண்டு, மூடிய அறையின் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். பக்கத்தில் இருப்பவர் மூச்சை உள்ளே இழுத்தால் போதும். அதற்கு ஆகாதவை வெயிலும் காற்றோட்டமும். கடல்தண்ணீரையே உப்பாக்கித் தருகிற வெயிலும் காற்றும் நம் வாசலில்தான் நின்றன. அவற்றை வெளியே விட்டுத் தாழ்போட்டுவிட்டு, உள்ளே டம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். நாம் எச்சில் பார்த்தே வளர்ந்தவர்கள். உதடு படாமல் அண்ணாந்து குடிக்கத் தெரியும். அடுத்தவர் காற்றுப் படாமல் மூச்சுவிடத்தான் இன்னும் பழகவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களில் இருமல் அடங்கியது. பிறகு ஒருநாள், இனி மற்றவர்களுக்கு ஒட்டாது, ஆனால் ஆறு மாதமும் விடாமல் முடிக்க வேண்டும் என்றார் டாக்டர். அதன் முதல் பாதியை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

அப்போதுதான் உங்கள் அக்கா மகனுக்குக் கல்யாணம். நாம் இருவரும் சகனில் உட்காரப் போனோம். உங்கள் மனைவியின் தம்பி ஒரு பேப்பர் பிளேட்டோடு வந்து நின்றார்.

"மச்சான், உங்களுக்குத் தனியா எடுத்து வச்சிருக்கேன். ஸ்பெஷலா."

"ஸ்பெஷல்னா, கறி ஜாஸ்தியா?"

"அதில்ல மச்சான். ஒடம்பு சரியில்லாத ஆளு."

"டாக்டரு ஒட்டாதுன்னுட்டாருப்பா."

"சரிதான். மாத்திரை இன்னும் போடுறீங்கள்ல?"

அவர் கெட்டவர் இல்லை. உங்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்கெல்லாம் அலைந்தவர். மாத்திரை போடுவதால்தான் நோய் ஒட்டாது என்றார் டாக்டர். மாத்திரை போடுவதால் இன்னும் நோயாளி என்றது ஊர். அதை விளக்க நான் ஆரம்பிப்பதற்குள், அந்த பிளேட்டை வாங்கிக்கொண்டு நீங்கள் ஓரமாகப் போய்விட்டீர்கள்.

மறுவாரம் கடையில் சாதாரணமாகச் சொன்னீர்கள்: "மாத்திரைய நிறுத்திட்டேன் வாத்தியாரே. இப்ப ஃபிட்டு."

பாதியில் விட்டால் செத்துப்போகாத கிருமிகள் அந்த மருந்துக்கே பழகிவிடும், திரும்பி வந்தால் பழைய மாத்திரைக்கு அடங்காது என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டீர்கள்.

"நீ சொல்றதெல்லாம் கரெக்டு. நாளைக்கு என் பொண்ணு கல்யாணத்துல நான் எங்க உக்கார்றது?"

எதையெதையோ படித்து வைத்திருந்தேன். யாரோ ஜெராக்ஸ் கேட்டு வந்தார்கள், எழுந்து போய்விட்டேன்.

மறு ஆண்டு அது திரும்பி வந்தது, பழைய மாத்திரைக்குக் கட்டுப்படாமல். புதுச்சேரியில் நெஞ்சுநோய் வார்டில் உங்களைப் பார்க்க வந்தபோது, ஒரு காகம் உள்ளே வந்து பக்கத்துக் கட்டிலின் பன்னை எடுத்துக்கொண்டு போனது. அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது.

"இங்க எல்லா சன்னலும் தெறந்தே கெடக்குது, பாத்தியா வாத்தியாரே. வீட்ல டம்ளர தேச்சது போதும்னு சொல்லு. சன்னல தெறக்கச் சொல்லு. பொண்ணுக்கு டெஸ்ட் எடுக்கச் சொல்லு. மாத்திரை குடுத்தாங்கன்னா ஒளிச்சி வெக்க வேணாம். நாலு பேரு பாக்கவே முழுங்கச் சொல்லு."

நான் கேட்ட உங்கள் கடைசிப் பேச்சு அது; அந்த வார்டிலிருந்து நீங்கள் திரும்பவில்லை. வீட்டில் அப்படியே சொன்னேன். சன்னலைத் திறந்தார்கள். மகளுக்கும் நோய் இருந்தது. உங்கள் கடையில் உட்கார்ந்து, ரீசார்ஜ் செய்ய வந்தவர்கள் முன்னாலேயே அவள் மாத்திரையை விழுங்கினாள். பெண் கேட்டு வந்தவர்களில் ஒரு வீட்டார் அதைப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்கிறோம் என்று போனார்கள், இன்னும் சொல்லவில்லை. அவள் கடைசி மாத்திரைவரை முடித்தாள்.

இப்போதெல்லாம் விடாத இருமல் இருக்கிற வீட்டுக்குப் போனால், நலம் விசாரிப்பதற்கு முன்பே எழுந்து சன்னலைத் திறந்துவிடுகிறேன். புழுக்கமா சார் என்று ஃபேனைக் கூட்டுகிறார்கள். மாத்திரை எங்கே என்று கேட்கிறேன். பெரும்பாலும் பீரோவில், புடவைக்கு அடியில் இருக்கும். எடுத்து வரச் சொல்லி, ஃபிரிட்ஜ் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு வருகிறேன். மரியாதை தெரியாத ஆள் என்று எனக்கு ஊரில் பெயராகிவிட்டது, பாய். அதில் பாதி உங்களுக்குச் சேர வேண்டியது.