நான்காவது பெட்டியின் நீலம்

தையல் மெஷின் எண்ணெயின் வாசனை இன்னும் என் விரல்களில் இருக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். மகளுக்குச் சோறு பிசையப் போனபோது கையை முகர்ந்து பார்த்துவிட்டு நான்காவது முறையும் கழுவினேன். நீ இருந்திருந்தால், "அழுக்கக் கழுவுறியா, கைரேகையவே கழுவுறியாடி?" என்று கேட்டிருப்பாய்.

நீ போய் ஐந்து மாதமாகிறது. ஆடி மாதம் பத்தே நாள் காய்ச்சல். அன்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் உன்னைப் பற்றி ஏதாவது சொன்னார்கள். எனக்கு மட்டும் வாய் வரவில்லை. தாமதமாகத்தான் எழுதுகிறேன். உன்னிடம் சொல்ல ஒரு சேதி இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

முதல் தடவை நீ என்னை உங்கள் தெரு முனைக்கு இழுத்துப்போனது நினைவிருக்கிறதா? கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கல்மண்டபத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த தெற்கத்திக்காரர் வீட்டுப் பெண்ணான எனக்குக் கிறிஸ்துமஸ் குடிலைக் காட்டியே தீருவதென்று கிளம்பினாய். தார்ப்பாய் மலை, கடற்கரை மணல், மேய்ப்பர்களுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கட்டுமரம். இவை எல்லாவற்றையும் சுற்றி ஒரு தகர ரயில். துறைமுகத்தில் வேலை பார்த்த உன் தாத்தா ஏதோ ஒரு கப்பல்காரரிடம் வாங்கியது. சாவி கொடுத்தால் ஓடும் இன்ஜின், பின்னால் சாண் நீளத்தில் நான்கு பெட்டிகள்.

அது வளைவில் நின்றுவிட்டது. உடனே ஒரு சிறுவன் குனிந்து விரலால் தள்ளினான். அடுத்த சுற்றில் நின்றபோது இன்னொரு சிறுவன். அதற்கென்று ஒரு வரிசையே நின்றது.

"இது ரயிலா, தள்ளுவண்டியா?" என்று நான் கேட்டது உன் சித்தப்பா காதில் விழுந்துவிட்டது.

"வளைவுல கை குடுக்கறது எங்க வழக்கம்மே. உங்க ஊர்ல ரயிலு தானா திரும்புதா?"

மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர் அவர். உப்புக்காற்றில் தகரம் துருப்பிடித்துவிடும் என்று, படகுக்கு அடித்து மிச்சமான நீலத்தை ரயில் பெட்டிகளுக்கும் அடித்துக்கொண்டே வந்தார். கோட்டிங் மேல் கோட்டிங். ஜன்னல்கள் மூடிப்போயின. இன்ஜினுக்கு வயசாகிவிட்டது, இழுக்க முடியவில்லை என்று தெருவே நம்பியது. நீதான் போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு பெட்டியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"இன்ஜின் மேல தப்பே இல்லடி. வளைவுல சக்கரச் சட்டம் திரும்பணும்ல? பெயிண்ட்டு அத ஒட்டிக்கினு கீது. இத்தினி வருசமா எங்க சித்தப்பாவத்தான் நாங்க தள்ளிக்கினு இருந்திருக்கோம்!"

நீ செய்த வேலையைப் பற்றி எனக்கிருக்கும் பெருமையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எண்ணூரில் கன்டெய்னர் தூக்கும் கிரேனை, ஓர் அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டினாய். யார் கேட்டாலும் "பொட்டி தூக்குறேன்" என்று மட்டும் சொல்வாய். என் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ்வளவு படிச்ச புள்ள மூட்டையா தூக்குது? அவங்க வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டாள். வீடு உயரத்துக்கு இருக்கும் இரும்புப் பெட்டியை நீ சத்தமில்லாமல் லாரியில் இறக்குவதை நான் விளக்கிச் சொன்னேன். அப்போது அம்மா முகம் போன போக்கை நீ பார்க்கவில்லையே என்று இன்றைக்கும் எனக்குக் குறைதான்.

அந்த மழைக்காலம் முழுவதும் உன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்ன, நீ மேஜையில், நான் இரண்டு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு கதவோரத்தில். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், காயவைத்துச் சுரண்டினால் தூள் பறக்கும், குழந்தைக்கு ஆகாது என்று எங்கோ படித்துவிட்டு உன் உயிரை எடுத்தேன்.

"அப்ப எண்ணெய ஊத்தி ஊற வெக்கிறேன். நீ தள்ளி குந்து, பயந்தாங்கொள்ளி."

அப்படித்தான் இந்தத் தையல் மெஷின் எண்ணெய் வந்தது. தடவி நாள்கணக்கில் ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் நெம்பியபோது நீலம் பட்டை பட்டையாக உரிந்தது. கத்தியால் சுரண்டியிருந்தால் அடியில் இருந்ததும் போயிருக்கும். அடியில் இருந்தது பச்சை. பச்சையில் ஜன்னல்கள். ஒரு ஜன்னலில் தொப்பி போட்ட ஒரு பெண், நம்மையே பார்த்துக்கொண்டு. "உன் பயத்துக்கு ஒரு கும்புடு போடணும்டி. இவ பொழச்சா" என்றாய். என் பயத்தை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சித்தப்பா வந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "இன்னாமே, உரிச்ச கோழி மாதிரி ஆக்கிட்ட?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மூன்று பெட்டிகள் முடிந்திருந்தன. நான்காவதை எடுத்து ஓரமாக வைத்தாய். "இத அப்பறம் பாத்துக்கலாம்."

ஓட்டிப் பார்த்த அன்று, சந்தோஷத்தில் நான் சாவியை முழுக்க முறுக்கிவிட்டேன். ரயில் பாய்ந்து, தடத்தைவிட்டுத் தாண்டிக் கட்டில்காலில் மோதி, ஒரு கொக்கி வளைந்தது. நீ திட்டவில்லை. குறட்டால் கொக்கியை நிமிர்த்திக்கொண்டே, கிரேனில் எப்படித் தூக்குவாய் என்று சொன்னாய். "மொதல்ல ஒரு சாண் தூக்கு. நிறுத்து. சத்தத்த கேளு. சரியா இருந்தா மேல போ." பிறகு சாவியை இரண்டே சுற்று சுற்றி, இன்ஜினைக் காதருகே வைத்துக் கேட்டாய்.

அந்த டிசம்பரில் மூன்று பெட்டிகளும் வளைவைத் தானாகவே தாண்டின. வரிசையில் நின்ற பையன்கள்தான் பாவம். "அப்ப எங்களுக்கு வேல இல்லியாக்கா?" "கைதட்டுங்கடா, அதுவும் வேலதான்" என்றாய்.

இந்த டிசம்பரில் சித்தப்பா என் வீட்டுக்கு வந்தார். கையில் பிஸ்கட் டின். அவர் என் வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை.

"நீதான்மே ரயில போடணும். நாலு பொட்டியும் ஓடணும். ஒருத்தி கை வெச்ச வேல பாதில நிக்கக் கூடாது."

நீ கடைசியாகத் தொட்டுவைத்தவை அந்த டின்னில் இருந்தன. நான் தொட்டு ஏதாவது உடைந்தால்? கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்துவிடலாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "பூட்டிவெக்க அது இன்னா நகையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் டின்னைத் திறக்கவில்லை. திறந்தபோது முதலில் நீலப் பெட்டியைத்தான் எடுத்தேன். இதை உரிப்பதா, வேண்டாமா? நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று தெரியாமல் புரட்டினேன். அடியில் முன்சக்கரச் சட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் பளிச்சென்றிருந்தது. திரும்பவேண்டிய இடத்தில் மட்டும் நீ நீலத்தை எடுத்திருந்தாய். சக்கரம் விரல் பட்டதும் திரும்பியது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. பின்சக்கரத்தை நீ தொட்டிருக்கவில்லை.

ஆக, அந்த நீலத்தை நீ சித்தப்பாவுக்காக விட்டுவைத்திருக்கிறாய். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும். பின்சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு எண்ணெய் வைத்தேன். மகள் பகல் தூக்கம் தூங்கும் நேரமாகப் பார்த்து, நான்கு நாள் ஊறவைத்து, பின்சக்கரத்தைச் சுற்றி உன் வட்டத்தின் அளவுக்கே ஒரு வட்டம் எடுத்தேன். உன்னுடையதைப் போல அவ்வளவு சுத்தமான வட்டமில்லை. ஆனால் திரும்புகிறது.

நேற்று மாலை குடிலுக்கு முன்னால் தெருவே நின்றது. மூன்று பச்சைப் பெட்டிகள், கடைசியில் ஒரு நீலம். சாவியை இரண்டு சுற்று சுற்றினேன். நிறுத்தினேன். காதில் வைத்தேன். யாரோ ஒரு பையன், "இன்னாக்கா, போன்ல பேசுறியா?" என்றான். சிரிப்பு அடங்கும்வரை கேட்டேன். சத்தம் சரியாக இருந்தது. இன்னும் இரண்டு சுற்று முறுக்கி ரயிலை விட்டேன்.

வளைவுக்குப் பக்கத்தில் என் மகள் குந்தியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பையன்கள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். தள்ளுவதற்கு விரலை நீட்டி வைத்திருந்தாள். "தொடாதே" என்று தொண்டைவரை வந்துவிட்டது. கூர்மையான தகரம், பழைய பெயிண்ட், எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்தன. ஒரு சாண் பொறுத்தேன். இன்ஜின் திரும்பியது. பச்சை, பச்சை, பச்சை. நீலமும் திரும்பியது, அவள் விரல் நுனியைத் தொடாமல்.

"ம்மா, அதுவே போச்சு!"

சித்தப்பா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "பாத்துக்கினியா? எங்க வூட்டுப் பொண்ணுங்க போட்ட ரயிலு."

பொண்ணுங்க என்றார். அந்தத் தெருவில் உன்னோடு சேர்த்து என்னையும் நிறுத்திவிட்டார். இதுதான் உனக்கான சேதி.

வரும் ஜூனில் மகளைப் பள்ளியில் சேர்க்கிறோம். வாசலில் விட்டதும் ஓடிவந்துவிட மாட்டேன், உள்ளேயும் போக மாட்டேன். ஒரு சாண் தள்ளி நின்று கேட்பேன். சத்தம் சரியாக இருந்தால் வீட்டுக்கு வருவேன். இல்லாவிட்டால், உனக்கே தெரியும், அங்கேயே குந்திவிடுவேன்.