அக்கரைக்குப் போகாத பாலம்

ஜூலை 8, செவ்வாய்

காங்கோ நாட்டின் பிரஸ்ஸாவில் நகரம், ரகு வேலை பார்க்கும் ஊர். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்தில் வானம். வறண்ட காலம் இங்கே இப்படித்தானாம். ஒன்பதுக்குக் கிளம்பலாம் என்றான் ரகு. கிளம்பியது 10.20. நான் பெற்ற பிள்ளை!

பார்த்தவை: வெள்ளைப் பளிங்கு நினைவு மண்டபம் (படிகள் அதிகம்). ஓவியப் பள்ளி. படத்தில் மனிதர்கள் எல்லாம் வெறும் குச்சி, ஆனால் ஆடுகிறார்கள். சின்னது ஒன்று வாங்கினேன்.

காங்கோ ஆற்றை இன்னும் காட்டவில்லை. கேட்டால், "நாளைக்கும்மா."

எனக்கு வேண்டியது அக்கரை. அங்கே கின்ஷாசாவில் பிலோமினா. கான்வென்டில் ஒரே பெஞ்சு, நான் கிளாஸ் லீடர். கன்னியாஸ்திரீயாகி அங்கே போனவள். பார்த்து ஐம்பத்திரண்டு வருடம். ஞாயிறு பதினொன்றுக்கு வருகிறேன் என்று ஸ்ரீரங்கத்திலிருந்தே எழுதிவிட்டேன். பெட்டியில் அவளுக்கு நார்த்தங்காய் ஊறுகாய்.

ஜூலை 9, புதன்

மூட்டம். ஆறு பார்த்தாயிற்று. ஆடிப் பெருக்கில் காவிரிகூட இதன் ஓரத்துக்குக் காணாது. எழுதவே மனம் வரவில்லை, ஆனால் உண்மை.

பிறகு பாலம். ரகு முன்பு போட்டோ அனுப்பினானே, அதேதான். விசிறி விரித்த மாதிரி கம்பிகள். காரில் ஏறினோம், இறங்கினோம். இறங்கியதும் இக்கரையிலேயே! கரையோரமாகவே போகிற பாலமாம்.

"பாலம்னா அக்கரைக்குப் போக வேணாமாடா?"

"அது வேற நாடும்மா. படகுதான். அதுக்கும் விசா வேணும்."

"கண்ணுக்குத் தெரியுதேடா!"

"தெரிஞ்சா? உனக்கு இங்க ஒரு தடவை நுழையத்தான் விசா. அங்க போனா திரும்ப விட மாட்டான்."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேம்மா."

கேட்கவில்லைதான். அக்கரைக்குப் போக ஸ்ரீரங்கத்துக்காரி யாரைக் கேட்பாள்? காவிரிப் பாலம் ஏறினால் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு. பூகோளத்தில் முதல் மார்க் வாங்கினவள், அட்லஸைப் பிரிக்கவில்லை. இதை ரகுவிடம் சொல்லப் போவதில்லை.

பிலோவிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 10, வியாழன்

முழங்கால் வலி. ரகு விசா விசாரித்தான். குறைந்தது பத்து நாள். திங்கள்கிழமை எனக்கு விமானம்.

அப்படியும் விடவில்லை, ஊர் சுற்றிக் காட்டுகிறான். ஆறு பாறைகளில் மோதி நுரைக்கும் இடம். நல்ல காட்சி, ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஓட்டலில் பக்கத்து மேசையில் காது கிழியப் பாட்டு. "சிரிம்மா" என்று போட்டோ வேறு. சிரிக்கவில்லை.

சாயங்காலம் பிலோவுக்குப் போன். சொல்லிவிட்டேன்.

"லீடரம்மாவுக்கே மேப் தெரியலையா!" ஒரே சிரிப்பு. பிறகு இருமல். "நான் வந்திருப்பேன்டி. ரெண்டு காலும் போச்சு. சக்கர நாற்காலிதான்."

இதை ஒரு கடிதத்திலும் எழுதவில்லை, கள்ளி.

ஜூலை 12, சனி

பச்சை ஓட்டுக் கூரை மாதாகோவில். மீன் செதில் மாதிரி ஓடுகள். உள்ளே நல்ல குளுமை. ரகு வாசலிலேயே போனில்.

அங்கே ஒரு சிஸ்டர், சாயங்காலப் படகில் கின்ஷாசா திரும்புகிறாராம். என் இங்கிலீஷ், அவருடைய பிரெஞ்சு, இரண்டு பேருடைய கைகள். பிலோமினாவைத் தெரியுமாம்! படகில் போகிறவர் யாராவது கிடைப்பார் என்று பையிலேயே வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்தனுப்பினேன். ஊறுகாய் போகலாம், நான் போகக் கூடாது.

இரவு பிலோ போன் செய்தாள். "வந்துடுச்சுடி. உப்பு ஜாஸ்தி." திமிர். அவளே ஒரு யோசனையும் சொன்னாள். நாளை பதினொன்றுக்கு, அவரவர் கரையில், குடை விரித்துப் பார்த்துக்கொள்வது.

ஜூலை 13, ஞாயிறு

மூட்டம், நேற்றைவிட மோசம். ரகு இன்று நேரத்துக்கு வந்தான், அதிசயம். 10.40க்கே கரைக் கம்பி ஓரம் நின்றேன். அக்கரைக் கட்டடங்களே சாம்பலில் இழுத்த கோடு. மனுஷி எங்கே தெரியப் போகிறாள்?

சரியாகப் பதினொன்றுக்குப் போன்.

"குடை விரிச்சியா?"

"விரிச்சாச்சு. நீ?"

"நானும்தான். தெரியுதாடி?"

பொய் சொன்ன பிள்ளைகளின் பெயரை எழுதிக் கொடுத்த லீடர் நான். "தெரியுது" என்றேன்.

"எனக்கும் நல்லாத் தெரியுது கமலா. அந்தச் சிவப்புக் குடைதானே?"

என் குடை கறுப்பு.

"அதேதான்டி" என்றேன்.