மாலை போட்ட இடத்தில் துரு

என் உயிரான மலர் அப்பாவுக்கு,

வண்டி ஓடிவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் என்ன எழுதினாலும் உங்கள் காதில் ஏறாது, வண்டி என்ன ஆச்சு, வண்டி என்ன ஆச்சு என்றே குறுக்கே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆமாம், உங்கள் அப்பா காலத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், ரெண்டே பேர் உட்காரும் கார், நைனார்பாளையம் கடைத்தெருவைத் தாண்டி ஓடியது. ஓட்டியது நான்.

சந்தோஷம் முடிந்தது. இனி கோபம். இந்த ஆயுத பூசைக்கு நம் வாசலில் நடந்ததை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். மற்றவர்களும் படிக்கட்டும். உங்கள் அண்ணனும் படிக்கட்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்கு அந்தக் கார் எப்படி நம்மிடம் வந்தது என்று தெரியாது. கல்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவருடையது. மலை ஏறும்போது இன்ஜின் இறுகி நின்றுவிட, வெறுத்துப்போய் அப்படியே உங்கள் அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனார். உங்கள் அப்பா அதைச் சரிபண்ணி, சில வருஷம் கூரையைத் திறந்துபோட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சி வரை ராஜா மாதிரி போய்வந்தார். அவர் கண்மூடிய பிறகு அது உங்கள் அண்ணனுடைய கிழங்கு கோடவுனுக்குள் போனது. மரவள்ளி மூட்டைகளுக்கு நடுவில், தார்ப்பாய்க்கு அடியில், மலர் பிறப்பதற்கு முன்னாலிருந்து நின்றது.

ஊர் டிராக்டர் எல்லாம் உங்கள் கையால் ஓடியது. இதை மட்டும் தொட விட்டாரா உங்கள் அண்ணன்? நீங்கள் ஸ்பேனரோடு போன ஒவ்வொரு தடவையும், "அப்பா நெனப்பா நிக்குது, அதுல போய் கை வெக்காத" என்று திருப்பி அனுப்பினார். நீங்களும் திரும்பி வந்து, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று என்னிடம் சிரித்தீர்கள். வெள்ளிமலைக்கு இந்தக் காரில் கூட்டிப்போகிறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னதும் அந்த அடுத்த வருஷத்துக் கணக்கில்தான் சேர்ந்தது.

நீங்களும் கண்மூடியபின் என்ன நடந்தது தெரியுமா? அப்பா நினைவு திடீரென்று இடத்தை அடைக்க ஆரம்பித்துவிட்டது. கிழங்கு மூட்டை ஜாஸ்தி, கோடவுன் பத்தவில்லை. "இரும்புக் கடைக்குத்தான் போவப்போவுது. வோணும்னா நீ எடுத்துக்கினு போ" என்றார். நான் எடுத்துக்கொண்டு வந்தேன். டிராக்டரில் கட்டி இழுத்து வரும்போது ஊரே வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டு அஞ்சலை, "இன்னாக்கா, கார் கம்பெனி வெச்சிக்கினியா?" என்று கேட்டாள். ஆமாண்டி, உனக்கும் வேலை போட்டுத் தரேன் என்றேன்.

தார்ப்பாயை உரித்த காலைதான் என்னால் மறக்க முடியாதது.

ஆயுத பூசை வந்தால் கோடவுனில் என்ன செய்வார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். அக்கா, அதுதான் உங்கள் அண்ணி, சந்தனம் குழைத்துக் காரின் நெற்றியில் வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பார்கள். ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கு வரை சாமந்தி மாலை போடுவார்கள். கற்பூரம் காட்டி எல்லாரும் கும்பிடுவார்கள். அதோடு, போட்ட மாலையைக் கழற்றக் கூடாது, வைத்த பொட்டை அழிக்கக் கூடாது, தானாகத்தான் உதிர வேண்டும் என்று உங்கள் அண்ணன் ஈரத்தோடு ஈரமாகத் தார்ப்பாயை இழுத்து மூடுவார். அடுத்து ஐப்பசி மழை. கோடவுன் கூரையோ சல்லடை. மறு வருஷம் திறந்து, மக்கிக் கிடக்கும் மாலை மேலேயே புது மாலை.

அந்த மக்கலையெல்லாம் நான் துடைப்பத்தால் தள்ளினேன். அடியில் பார்த்தால், மலர் அப்பா, மாலை இருந்த இடத்தில் மாலை மாதிரியே துரு. அதே வளைவு, அதே தொங்கல். பூ பூவாகத் தகரம் அரித்திருந்தது. பொட்டு வைத்த இடத்தில் என் சுண்டு விரல் உள்ளே போய்விட்டது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் கருமாதி அன்று கூடத்தில் என்னை உட்கார வைத்து, நெற்றியைத் துடைத்தார்களே, அது நினைவுக்கு வந்தது. என் நெற்றிப் பொட்டை அழிப்பதற்கு யாருக்கும் கை கூசவில்லை. கார் நெற்றிப் பொட்டை அழித்தால் மட்டும் பாவமாம். எது பாவம், எது புண்ணியம் என்று எந்தப் படியால் அளக்கிறார்கள்? நான் நாள் தவறாமல் விளக்கேற்றுகிறவள், சஷ்டி விரதம் விடாதவள். எனக்கே விளங்கவில்லை.

அன்றைக்கு எழுந்து வேலையை ஆரம்பித்தவள்தான்.

எட்டாவதோடு நின்றவளுக்கு இன்ஜின் எப்படித் தெரியும் என்று மலர் கேட்டாள். உளுந்தூர்பேட்டையிலிருந்து போன் போட்டால் இதே கேள்விதான். உங்களுக்குச் சோறு எடுத்துவந்து பட்டறையில் உட்கார்ந்த நாளெல்லாம் நான் என்ன கண்ணை மூடிக்கொண்டா இருந்தேன்? மிச்சத்தைப் போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். வெள்ளைக்காரன் பேசுவது புரியாது. கையைப் பார்த்தேன். கை என்ன செய்கிறதோ அது எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

இன்ஜின் உங்களை மாதிரியே பிடிவாதம். நின்று நின்றே இறுகிப்போனதை இளக்க, பிளக் ஓட்டைகளில் டீசலை ஊற்றி ஊற வைத்தேன். காலையில் சாமி கும்பிட்டு, அதே கையோடு போய் ஸ்பேனர் போட்டு ஒரு இழுப்பு. அசையாது. சரி, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவேன். கார்த்திகை தீபம் கழிந்து ஒரு நாள், இழுத்தபோது கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. ரொம்ப இல்லை, ஒரு அங்குலம் இருக்கும். நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அஞ்சலை கூட அன்று கேலியை விட்டுவிட்டுக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

கழற்றிய நட்டு, போல்ட்டு எல்லாம் எவர்சில்வர் டப்பாவில். எது எங்கே இருந்தது என்று வீட்டுக் கணக்கு மாதிரியே எழுதி ஒட்டினேன். நீங்கள் டிராக்டரைப் பிரித்து மாட்டினால் கடைசியில் நாலு நட்டு மிஞ்சும், கேட்டால் கம்பெனிக்காரன் ஜாஸ்தியாகப் போட்டுவிட்டான் என்பீர்கள். நான் மாட்டி முடித்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை. சொல்லிக்காட்டுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தகர வேலைக்குத் தியாகதுருகத்திலிருந்து உங்கள் சினேகிதர் காதர் பாய் வந்தார். முன்பக்கத்து அரித்த பட்டையை அப்படியே வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து ஒட்டினார். வெட்டின துண்டைத் தூக்கிப்போடப் போனவரிடம், அது எனக்கு வேண்டும் அண்ணே என்று வாங்கிக்கொண்டேன். துரு மாலையும் பொட்டு ஓட்டையும் அதில் அப்படியே இருந்தன. கழுவித் துடைத்து உங்கள் படத்துக்குக் கீழே வைத்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

சிவப்புப் பெயின்ட் அடித்து, சீட்டுக்குப் புது உறை தைத்து, போன ஆவணியில் இன்ஜின் பிடித்தது. சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். மறுநாளே உங்கள் அண்ணன் வந்துவிட்டார். தார்ப்பாய் கழற்றியதிலிருந்து அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காதவர், வெள்ளை வேட்டியோடு காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "எங்க அப்பா காரு" என்று தடவிக்கொடுத்தார். நான் மோர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டார். முதல் ஓட்டம் ஆயுத பூசை அன்று. சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டியது. அக்கா பொட்டு வைத்து மாலை போடுவது. பெங்களூரிலிருந்து அவர் மகன் பாபு வந்து ஓட்டுவது.

"அப்ப நான் மாமா?" என்றேன்.

"நீ வூட்டுக்குள்ள இரும்மா. மொத ஓட்டம், நல்ல காரியம் பாரு. தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? அந்தக் காரில் என் கை படாத இடம் எது? அடியில் மல்லாக்கப் படுத்து ஆயில் சொட்டச் சொட்ட முடுக்கியபோது கெட்ட சகுனமாக இல்லாத கை, பொட்டு வைக்கும்போது கெட்டுப்போகுமா? நான் விளக்கேற்றும்போது முருகன் முகம் திருப்பிக்கொள்கிறானா? அவன் சொன்னானா? அன்று கார்ச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

பூசை அன்று வாசல் நிறைய ஆட்கள். வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியவள் நான், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளும் நான். அக்கா தாம்பாளத்தோடு வந்தார்கள். பழைய மாதிரியே ஈரச் சந்தனம், தண்ணீர் தெளித்த சாமந்தி மாலை. பாபு போனை வைத்துப் படம் எடுத்தான். உங்கள் அண்ணன், "சாவி எங்க, சாவி?" என்று குரல் கொடுத்தார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்தத் துண்டை எதற்காக எடுத்துவைத்தேன் என்று. உங்கள் படத்துக்குக் கீழிருந்து எடுத்து, வெற்றிலைத் தட்டில் வைத்து, வெளியே வந்தேன். நேராக உங்கள் அண்ணன் முன்னால் போய் நீட்டினேன்.

"இன்னா இது?"

"மாலை மாமா. நீங்க கழட்டக் கூடாதுன்னு சொன்ன மாலை." பொட்டு ஓட்டையில் விரலை விட்டுக் காட்டினேன். "இது பொட்டு. இதுல என் கை படல. என் கை பட்ட எடமெல்லாம் அதோ நிக்குது, பாருங்க."

"நல்ல நாளும் அதுவுமா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. ஏனென்றால் பக்கத்திலிருந்து அக்கா எட்டிப்பார்த்தார்கள். அந்தத் தகரத்தைக் கையில் வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார்கள். ஓட்டை வழியாக வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழுந்தது. இந்த அம்மாளைக் குத்திக்காட்ட நான் நினைக்கவில்லை.

"மொத வருசமே சொன்னேன், ஈர மாலைய எடுத்துட்டு மூடுங்கன்னு" என்றார்கள், யாரையும் பார்க்காமல். "பூசைய பத்தி எனக்குச் சொல்லிக் குடுக்கிறியான்னுட்டாரு. வெக்கிறதுக்குத்தான் நானு, வாய தொறக்கிறதுக்கு இல்ல."

பிறகு தாம்பாளத்தை என் கையில் வைத்தார்கள். "இந்தா. நீ வெய்யி. நீ செஞ்ச வண்டி."

உங்கள் அண்ணன் மகனைப் பார்த்தார். பாபு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எனக்கு ஆட்டோமேட்டிக் தாம்பா பழக்கம், இந்த கிளட்ச்சு கியரெல்லாம் வராது. சித்தியே ஓட்டட்டும்" என்று நழுவினான். நல்ல பிள்ளை, அந்த மட்டும் உண்மையைச் சொன்னான்.

நான் பொட்டு வைத்தேன். அக்கா பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷம் பொட்டு வைத்தவர்கள், அந்தக் காருக்குள் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவையாம். எலுமிச்சம்பழம் நசுங்கியது. மாரியம்மன் கோவில் வரை போய் வந்தோம். வழியெல்லாம் அக்கா பறக்கிற முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே வந்தார்கள். அப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

கிளம்பும்போது உங்கள் அண்ணன், "மெதுவா போ" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கெட்ட எண்ணம் இல்லாத மனுஷன், எனக்கும் தெரியும். கெட்ட எண்ணம் இல்லாமலேயே இத்தனையும் செய்தாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. என்னை மாதிரி எத்தனை பேர் இன்றைக்கும் நல்ல காரியம் என்று சொன்னவுடன் வீட்டுக்குள் போய் ஜன்னலோரம் நிற்கிறார்கள்?

சாயங்காலம் எல்லாரும் போனபின், மாலையைக் கழற்றி வேப்ப மரத்தடியில் போட்டேன். உங்கள் பழைய வேட்டித் துணியால் சந்தனத்தையும் குங்குமத்தையும் துளி ஈரம் இல்லாமல் துடைத்தேன். சாமி கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டால் என்னிடம் வரட்டும், அந்தத் தகரத்தைக் காட்டுகிறேன்.

துடைத்து முடித்துப் பார்த்தால் விரல் நுனியில் கொஞ்சம் குங்குமம் மிச்சம். உங்களுக்குத்தான் தெரியுமே, நான் எதையும் வீணாக்குகிறவள் இல்லை. காரின் பக்கக் கண்ணாடியில் குனிந்து பார்த்து, என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். கோணலாக இருந்தது. சரிசெய்துகொண்டேன்.

தை பிறக்கட்டும். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுவேன். முன்னால் இந்தக் கார் இறுகி நின்ற அந்த மலைப்பாதையில் நிற்காமல் ஏறுவேன். பக்கத்துச் சீட்டில் உங்கள் படத்தை வைக்கலாம் என்றிருந்தேன். அக்கா இப்போதே இடம் பிடித்துவிட்டார்கள். நீங்கள் அவர்கள் மடியில் உட்கார்ந்து வாருங்கள். நெற்றியில் பொட்டோடு ஏறுவேன், யார் என்ன சொன்னாலும். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியையும் தன் பொட்டையும் இனி யாருக்கும் விட்டுக்கொடுக்காத
உங்கள் வீட்டுக்காரி, மலரின் அம்மா